தசைப் புரதமும் அதனை இனங்காட்டும் பிறபொருளெதிரியும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமாகிய படுவான்கரையில், போரதீவுப்பற்றில் அமைந்துள்ள ஊர் பழுகாமம். காலை வேளையில் அங்குள்ள வாவிக் கரைக்குச் சென்றால் வலையிலிருந்து தோணிக்குள் உதறப்பட்ட இறால்கள் உடலை வளைத்து, வாலை அடித்து, பின்னோக்கித் துள்ளுவதைக் காணலாம். இத்துள்ளலை நிகழ்த்துவது இறாலின் வயிற்றுப் பகுதியிலுள்ள தசையாகும். கறிச்சட்டியில் நாம் இறாற் சதை என்று கூறுவதும் இதே தசையைத்தான்.

அந்தக் கறியை ஒரு வீட்டில் நால்வர் உண்கின்றனர் எனக் கொள்வோம். மூவருக்கு எதுவும் நிகழவில்லை. நான்காமவருக்கு மாத்திரம் உதடு தடித்து, உடலில் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன. பெரியவர்கள் "இறால் கிரந்தி" என்று கூறுவார்கள். விஞ்ஞானம் இதனை ஒவ்வாமை என்கின்றது. இறாலைத் துள்ளச் செய்த தசையில் உள்ள ஒரு புரதமே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது இன்று தெளிவாகியுள்ளது. இப்புரதத்தின் பெயர் துரோபோமயோசின். தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவது அதன் தொழிலாகும்.

புரத மூலக்கூறு ஒன்றைக் கண்ணால் காண முடியாது. பாடசாலையிலுள்ள ஒளி நுணுக்குக்காட்டியாலும் காண முடியாது. அவ்வாறாயின் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நிறைந்த ஒரு கலத்தினுள் துரோபோமயோசினை மாத்திரம் எவ்வாறு இனங்கண்டனர்? இவ்வினாவுக்கு விடை பிறபொருளெதிரி என்பதாகும். புரதம், தசையிழையம், குருதி, நிர்ப்பீடனம் எனத் தனித்தனி அலகுகளாக நீங்கள் கற்றவை இக்கட்டுரையில் ஓரிடத்தில் சேர்கின்றன.

1. தசை எவ்வாறு சுருங்குகின்றது?

வன்கூட்டுத் தசைக் கலத்தினுள் இரு வகை இழைகள் நெடுக்காக அடுக்கப்பட்டுள்ளன. தடித்த இழை மயோசின் என்னும் புரதத்தாலானது. மெல்லிய இழையின் பிரதான புரதம் அக்ரின் ஆகும். மயோசின் இழையிலிருந்து சிறு தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இத்தலைகள் அக்ரின் இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் சற்று முன்னே பற்றி இழுக்கும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிக் கை பிடித்து இழுப்பது போன்றது இது. இதற்கு வேண்டிய சக்தி ஏ.டீ.பீ. மூலக்கூற்றிலிருந்து கிடைக்கின்றது.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தசை சுருங்கும்போது இழைகள் தம் நீளத்தில் குறைவதில்லை. அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதனைத் தனித்தனியே வெளியிட்டன. ஒன்றில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும், மற்றையதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் பணியாற்றினர். இது வழுக்கும் இழைக் கொள்கை எனப்படும்.

2. படலையும் கொளுக்கியும்

மயோசின் தலைகள் எந்நேரமும் அக்ரினைப் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தால் தசை ஒருபோதும் தளராது. ஆகவே ஒரு கட்டுப்பாடு தேவை. அக்கட்டுப்பாட்டை இரு புரதங்கள் வழங்குகின்றன.

(அ) துரோபோமயோசின்: இது நீண்ட நார் போன்ற புரதம். இரு சங்கிலிகள் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றி இதனை ஆக்குகின்றன. தசையில் உள்ள ஒவ்வொரு சங்கிலியிலும் 284 அமினோ அமிலங்கள் உள்ளன. அக்ரின் இழையின் மீது படிந்து கிடக்கும் இது, மயோசின் பற்றவேண்டிய இடங்களை மறைக்கின்றது. ஒரு துரோபோமயோசின் மூலக்கூறு ஏழு அக்ரின் அலகுகளை அணைத்துக் கிடக்கும். இதனை 1946இல் கென்னத் பெய்லி கண்டறிந்தார்.

(ஆ) துரோபோனின்: இது மூன்று பகுதிகளைக் கொண்ட புரதத் தொகுதி. ஒரு பகுதி கல்சியம் அயனைப் பிடிக்கும். இரண்டாவது பகுதி சுருக்கத்தைத் தடுக்கும். மூன்றாவது பகுதி துரோபோமயோசினுடன் இணைந்திருக்கும். இவை முறையே துரோபோனின் சீ, துரோபோனின் ஐ, துரோபோனின் ரீ எனப்படும். ஜப்பானைச் சேர்ந்த செற்சுரோ எபாஷி 1960களில் துரோபோனினைக் கண்டறிந்து, தசைச் சுருக்கத்தை ஆரம்பித்து வைப்பது கல்சியம் என்பதை நிலைநாட்டினார்.

வீட்டு வேலியின் படலையை நினைத்துக்கொள்ளுங்கள். துரோபோமயோசின் படலையைப் போன்றது. துரோபோனின் அதன் கொளுக்கி. கல்சியம் அயன் கொளுக்கியைக் கழற்றும் கை. நரம்புக் கணத்தாக்கம் தசையை அடைந்ததும் தசைக் கலத்தினுள் உள்ள சிறு பைகளிலிருந்து கல்சியம் அயன்கள் வெளிவருகின்றன. அவை துரோபோனினுடன் பிணைகின்றன. துரோபோமயோசின் விலகுகின்றது. மயோசின் தலைகள் அக்ரினைப் பற்றுகின்றன, தசை சுருங்குகின்றது. கல்சியம் அயன்கள் மீண்டும் பைகளுக்குள் ஏற்றப்பட்டதும் படலை சாத்தப்படுகின்றது, தசை தளர்கின்றது.

3. பிறபொருளெதிரி என்றால் என்ன?

உடலுக்கு அந்நியமான ஒரு பொருள் உட்புகும்போது, குருதியிலுள்ள வெண்குழியங்களில் ஒரு வகையான நிணநீர்க்குழியங்கள் தூண்டப்பட்டு, அப்பொருளுடன் பிணையத்தக்க புரதங்களைச் சுரக்கின்றன. இப்புரதங்களே பிறபொருளெதிரிகள். இவற்றின் உற்பத்தியைத் தூண்டிய பொருள் பிறபொருளெதிரியாக்கி எனப்படும்.

பிறபொருளெதிரி மூலக்கூறு கெற்றப்போலின் கவை போன்ற வடிவமுடையது. நான்கு சங்கிலிகளால் ஆனது. இரண்டு பாரமானவை, இரண்டு இலேசானவை. கவையின் இரு நுனிகளிலும் பிணையும் இடங்கள் உள்ளன. பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல, இந்த இடம் பிறபொருளெதிரியாக்கியின் ஒரு சிறு பகுதியுடன் பொருந்துகின்றது. முழுப் புரதத்தையும் அது அறிவதில்லை என்பதை மனத்திற் கொள்ளுங்கள். சில அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு சிறு மேற்பரப்பையே அது அறிகின்றது. இவ்வுண்மை பின்னர் இரண்டு முறை நமக்குத் தேவைப்படும்.

4. ஆய்வுக்குரிய பிறபொருளெதிரியைத் தயாரித்தல்

துரோபோமயோசினைத் தேடுவதற்குரிய பிறபொருளெதிரியை இரு வழிகளில் பெறலாம்.

முதலாம் வழி: தசையிலிருந்து துரோபோமயோசினைப் பிரித்துத் தூய்மையாக்கி, அதனைச் சிறிதளவில் முயலுக்கு ஊசி மூலம் ஏற்றுவர். சில வாரங்களின் பின்னர் முயலின் குருதியில் அப்புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றும். குருதித் தெளியத்திலிருந்து அவை பெறப்படும். புரதத்தின் வெவ்வேறு பகுதிகளுடன் பிணையும் பல வகைப் பிறபொருளெதிரிகளின் கலவையாக இது இருக்கும்.

இரண்டாம் வழி: புரதம் ஏற்றப்பட்ட சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து நிணநீர்க்குழியங்களை எடுத்து, ஓயாது பிரிகையடையும் புற்றுநோய்க் கலங்களுடன் ஒன்றுசேர்ப்பர். இவ்வாறு பெறப்படும் கலப்புக் கலம் இரு இயல்புகளைக் கொண்டிருக்கும். பிறபொருளெதிரியைச் சுரக்கும் இயல்பை நிணநீர்க்குழியத்திடமிருந்தும், தொடர்ந்து பெருகும் இயல்பைப் புற்றுநோய்க் கலத்திடமிருந்தும் அது பெறுகின்றது. ஒரே கலத்திலிருந்து பெருகிய கூட்டம் ஒரே வகைப் பிறபொருளெதிரியையே சுரக்கும். கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்ரைனும் 1975இல் இம்முறையை வெளியிட்டனர். 1984ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை நீல்ஸ் ஜேர்னுடன் இவர்கள் பகிர்ந்துகொண்டனர்.

5. கலத்தினுள் புரதத்தைக் காணும் படிமுறை

பிறபொருளெதிரியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதமே. ஆகவே அதற்கு ஓர் அடையாளம் இட வேண்டும். ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியுடன் இணைக்கும் முறையை அல்பேட் கூன்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் 1941இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினர். இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் படிமுறை வருமாறு:

படி 1 – நிலைப்படுத்தல்: கண்ணாடித் தட்டில் உள்ள கலங்களை போமல்டிகைட்டுக் கரைசலால் பரிகரிப்பர். புரதங்கள் அவை இருந்த இடத்திலேயே நிலைத்துவிடும்.

படி 2 – துளையிடல்: ஒரு வகைச் சுத்திகரிப்பியைச் சிறிதளவு சேர்ப்பதால் கலமென்சவ்வில் நுண்ணிய துளைகள் தோன்றும். பிறபொருளெதிரி உட்செல்ல வழி கிடைக்கின்றது.

படி 3 – வெற்றிடங்களை நிரப்பல்: அல்புமின் போன்ற வேறொரு புரதத்தைச் சேர்ப்பர். கண்ட இடத்தில் எல்லாம் பிறபொருளெதிரி ஒட்டுவதை இது குறைக்கும்.

படி 4 – முதற் பிறபொருளெதிரி: துரோபோமயோசினுடன் பிணையும் முயற் பிறபொருளெதிரியை உரிய அளவு ஐதாக்கிச் சேர்ப்பர். பின்னர் நன்கு கழுவுவர். பிணையாதவை நீங்கிவிடும்.

படி 5 – இரண்டாம் பிறபொருளெதிரி: முயற் பிறபொருளெதிரியுடன் பிணையத்தக்க, ஆட்டிலிருந்து பெறப்பட்ட பிறபொருளெதிரியைச் சேர்ப்பர். ஒளிரும் சாயம் இதனுடனேயே இணைக்கப்பட்டிருக்கும். மீண்டும் கழுவுவர்.

படி 6 – அவதானித்தல்: உரிய நிற ஒளியைப் பாய்ச்சி விசேட நுணுக்குக்காட்டியால் பார்க்கும்போது, சாயம் உள்ள இடங்கள் இருண்ட பின்னணியில் ஒளிரும்.

ஐதாக்கல் தொடர்பான கணக்கு: பிறபொருளெதிரியை 1:200 என ஐதாக்க வேண்டும். இறுதிக் கனவளவு 1000 மைக்கிரோலீற்றர் எனின் தேவையான பிறபொருளெதிரி 1000 ÷ 200 = 5 மைக்கிரோலீற்றர். மீதி 995 மைக்கிரோலீற்றர் ஐதாக்கும் கரைசலாகும். செறிவு மிகக் கூடினால் பின்னணியும் ஒளிரும். மிகக் குறைந்தால் புரதம் இருந்தும் ஒளி தெரியாது.

இம்முறையால் கிடைத்த ஒரு சிறப்பான முடிவைப் பார்ப்போம். 1975இல் இலியாஸ் லசாறிடிஸ் என்னும் ஆய்வாளர் துரோபோமயோசினுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தசையல்லாத கலங்களில் பயன்படுத்தினார். தசை அற்ற கலத்தில் தசைப் புரதத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அக்கலங்களில் நெடுக்காக ஓடும் நார்கள், விட்டு விட்டு ஒளிர்ந்தன. துரோபோமயோசின் தசைக்கு மாத்திரம் உரியதன்று. கலத்தின் வடிவத்தைத் தாங்கும் நார்களிலும் அதன் வகைகள் உள்ளன என்பது இவ்வாறு வெளிப்பட்டது. எனவே "கலம் ஒளிர்ந்தது, ஆகவே இது தசைக் கலம்" என்று ஒரு மாணவர் எழுதினால் அது பிழையான முடிவாகும்.

6. அவதானமும் முடிவும்: புள்ளிகள் இழக்கப்படும் இடம்

பரீட்சையில் "அவதானத்தை எழுதுக" என்று கேட்டால் பலர் முடிவை எழுதிவிடுகின்றனர். இப்பரிசோதனை அவ்வேறுபாட்டை நன்கு விளக்குகின்றது.

அவதானம்: கலத்தின் நார்கள் ஒளிர்ந்தன.
முடிவு: அந்நார்களில் துரோபோமயோசின் உள்ளது.

அவதானத்திலிருந்து முடிவுக்குச் செல்வதற்கு ஒரு பாலம் வேண்டும். ஒளி தோன்றியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் அல்லவா? இரண்டாம் பிறபொருளெதிரி நேரடியாகவே கலத்தில் ஒட்டியிருக்கலாம். முதற் பிறபொருளெதிரி துரோபோமயோசினை ஒத்த ஒரு பகுதியைக் கொண்ட வேறு புரதத்துடன் பிணைந்திருக்கலாம். கலத்தில் இயற்கையாகவே ஒளிரும் பொருள் இருந்திருக்கலாம். இக்காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குவதற்கே கட்டுப்பாட்டுப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன.

கட்டுப்பாடு 1: முதற் பிறபொருளெதிரியை விட்டு, ஏனைய படிகள் அனைத்தையும் செய்தல். ஒளி தோன்றக் கூடாது. தோன்றினால் இரண்டாம் பிறபொருளெதிரி தானாகவே ஒட்டுகின்றது.

கட்டுப்பாடு 2: சாயமோ பிறபொருளெதிரியோ சேர்க்காத கலத்தைப் பார்த்தல். ஒளி தோன்றினால் அது கலத்தின் இயற்கை ஒளிர்வு.

கட்டுப்பாடு 3: முதற் பிறபொருளெதிரியைத் தூய துரோபோமயோசினுடன் முன்னரே கலந்துவிட்டுப் பயன்படுத்தல். பிணையும் இடங்கள் முன்பே நிரம்பிவிடுவதால் நார்களின் ஒளி மறைய வேண்டும்.

கட்டுப்பாடு 4: துரோபோமயோசின் நிச்சயமாக உள்ள எலும்புத் தசை மாதிரியைப் பயன்படுத்தல். இங்கு ஒளி தோன்றியே ஆக வேண்டும். தோன்றாவிடின் பிறபொருளெதிரியோ செய்முறையோ பழுது. ஏனைய மாதிரிகளில் ஒளி இல்லாமையை "புரதம் இல்லை" எனக் கொள்ள முடியாது.

கடைசிக் கட்டுப்பாட்டைப் பலர் மறந்துவிடுவர். 'இல்லை' என்ற விடையையும் நிரூபிக்க வேண்டும் என்பதை அது கற்பிக்கின்றது.

இவற்றுக்கு மேலதிகமாக, கலத்தின் புரதங்களைப் பருமனுக்கேற்ப ஒரு களிப்படையில் பிரித்து, ஒரு மென்படலத்துக்கு மாற்றி, அதன்மீது அதே பிறபொருளெதிரியைச் சேர்த்தும் பார்ப்பர். துரோபோமயோசினுக்குரிய இடத்தில் மாத்திரம் பட்டை தோன்றினால் நம்பிக்கை கூடும். வேறு இடங்களிலும் பட்டைகள் தோன்றினால் அப்பிறபொருளெதிரி வேறு புரதங்களுடனும் பிணைகின்றது என்பது தெரியவரும்.

7. இறால் ஒவ்வாமை: உடலே நடத்தும் பரிசோதனை

இப்போது பழுகாமத்து இறாற் கறிக்குத் திரும்புவோம். இறால் ஒவ்வாமை உடையவரின் குருதியில், இறாலின் ஒரு புரதத்துடன் பிணையும் பிறபொருளெதிரி உள்ளது. இது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் வகையைச் சேர்ந்தது. இது தோல், சுவாசப்பாதை, உணவுக்கால்வாய் ஆகியவற்றின் இழையங்களில் உள்ள மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டிக் காத்திருக்கும். இறாற் புரதம் வந்து பிணைந்ததும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களை வெளிவிடுகின்றன. அரிப்பும் வீக்கமும் இதனால் ஏற்படுகின்றன.

அப்புரதம் எது என்பதைக் கண்டறிவதற்கு, ஒவ்வாமை உடையோரின் பிறபொருளெதிரியையே ஆய்வாளர்கள் கருவியாகப் பயன்படுத்தினர். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பி. வி. சுப்பா ராவின் குழுவினர் பெனேயஸ் இண்டிகஸ் என்னும் வெள்ளை இறாலை ஆராய்ந்தனர். எமது கிழக்குக் கரையின் வாவிகளிலும் வாழும் இனம் இது. அவித்த இறாலிலிருந்தும் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் கிடைத்ததை 1989இல் வெளியிட்டனர். 1993இல், ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து அப்புரதத்தின் அமினோ அமில வரிசையை ஆராய்ந்தபோது, அது பழ ஈயின் துரோபோமயோசினை மிக நெருக்கமாக ஒத்திருந்தது. அதாவது, ஒவ்வாமையைத் தூண்டிய பொருள் நஞ்சு எதுவுமன்று. இறால் துள்ளுவதற்கு உதவிய கட்டுப்பாட்டுப் புரதமேயாகும்.

இதிலிருந்து அன்றாட வாழ்வுக்குரிய சில விளக்கங்கள் கிடைக்கின்றன.

(i) "நன்றாக அவித்தால் போகும்" என்பது சரியா? முட்டையின் வெண்கருவைச் சூடாக்கினால் அதன் புரதம் நிலைமாறித் திரள்கின்றது. மீண்டும் ஆறினாலும் அது பழைய நிலைக்கு வராது. துரோபோமயோசின் அவ்வாறானதன்று. சூட்டில் அதன் முறுக்கு அவிழ்ந்தாலும் ஆறும்போது பெரும்பாலும் மீண்டும் முறுக்கிக்கொள்கின்றது. அது நீரிலும் கரைகின்றது. ஆகவே இறாலை எடுத்துவிட்டுச் சொதியை மாத்திரம் ஊற்றிக் கொடுப்பதும் பாதுகாப்பானதன்று.

(ii) இறால் ஒவ்வாதவருக்கு நண்டும் பெரும்பாலும் ஒவ்வாதது ஏன்? இறாலினதும் நண்டினதும் துரோபோமயோசின்கள் மிக ஒத்தவை. பிறபொருளெதிரி ஒரு சிறு பகுதியையே அறியும் என்று முன்னர் கூறினோம். அப்பகுதி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பிறபொருளெதிரிக்கு இரண்டும் ஒன்றே. கரப்பான் பூச்சி, வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி ஆகியவற்றின் துரோபோமயோசினும் இவ்வாறு ஒத்தது.

(iii) கோழி இறைச்சியிலும் துரோபோமயோசின் உண்டு. அது ஏன் இவர்களைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை? கோழி முள்ளந்தண்டு விலங்கு. அதன் துரோபோமயோசின் எமது துரோபோமயோசினை மிக ஒத்தது. உடல் தன்னுடையதை ஒத்த புரதத்தை அந்நியமாகக் கொள்வது அரிது.

(iv) மீன் ஒவ்வாமையும் இதுவும் ஒன்றா? அல்ல. மீன் ஒவ்வாமைக்குப் பிரதான காரணம் பார்வல்புமின் என்னும் வேறொரு தசைப் புரதம். எனவே இறால் ஒவ்வாத பிள்ளைக்கு மீனையும் நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. இதனை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இங்கும் அவதானத்தையும் முடிவையும் வேறுபடுத்துக. குருதியில் இறாலுக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பது ஓர் அவதானம். சிலரது குருதியில் அது இருந்தும் இறால் உண்ணும்போது எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே வைத்தியர் குருதிப் பரிசோதனையுடன் உண்டபின் நிகழ்ந்தவற்றையும் விசாரித்தே முடிவு செய்வார். வீட்டில் சிறிது கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது ஆபத்தானது. மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம் ஆகியவற்றுள் எதுவும் தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கு அதிரினலின் ஊசி மருந்தே உயிரைக் காக்கும்.

8. நெஞ்சு நோவும் துரோபோனின் பரிசோதனையும்

துரோபோமயோசினின் துணையான துரோபோனினும் பிறபொருளெதிரியால் இனங்காணப்படுகின்றது. மாரடைப்பின்போது குருதி கிடைக்காத இதயத் தசைக் கலங்கள் இறக்கின்றன. அவற்றிலிருந்த துரோபோனின் குருதிக்குள் கசிகின்றது. இக்கசிவை அளப்பதே துரோபோனின் பரிசோதனை.

வயலில் நாள் முழுதும் வேலை செய்தவரின் கை, கால் தசைகளும் சிறிது சேதமடையலாம். அத்தசைகளின் துரோபோனின் மாரடைப்பு எனத் தவறாகக் காட்டாதா? இதயத் தசையின் துரோபோனின் ஐ, வன்கூட்டுத் தசையினதை விட வேறுபட்டது. அதன் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் மேலதிகமாக உள்ளன. ஏனைய பகுதிகளிலும் வேறுபாடுகள் உண்டு. வேறுபட்ட பகுதிகளுடன் பிணையும் பிறபொருளெதிரிகளைத் தெரிந்தெடுப்பதால் இதயத்தினது மாத்திரம் அளக்கப்படுகின்றது. பிறபொருளெதிரி சிறு பகுதியையே அறியும் என்ற உண்மை முன்னர் இறாலையும் நண்டையும் ஒன்றாகக் காட்டியது. இங்கு இரு தசைகளைப் பிரித்துக் காட்டுகின்றது.

உடனடிப் பரிசோதனை அட்டைகளில் இரு கோடுகளுக்கான இடங்கள் உள்ளன. 2020ஆம் ஆண்டின் பின்னர் கொரோனாப் பரிசோதனையில் இவ்வாறான அட்டையை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்று பரிசோதனைக் கோடு. மற்றையது கட்டுப்பாட்டுக் கோடு. கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிடின் அட்டை செல்லுபடியாகாது. பகுதி 6இல் கற்ற நான்காம் கட்டுப்பாட்டை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

துரோபோனின் குருதியில் உயர்வதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவே நோவு தொடங்கியவுடன் எடுத்த குருதியில் அது உயர்ந்திராவிட்டால் மாரடைப்பு இல்லை என்று கூற முடியாது. வைத்தியர்கள் சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் பரிசோதிப்பர். இதய மின் வரைபையும் பார்ப்பர். மறுபுறம், இதயத் தசை அழற்சி, சிறுநீரக நோய் போன்றவற்றிலும் துரோபோனின் உயரலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டது என்பதையே அது கூறும். ஏன் என்பதை வைத்தியர் ஏனைய சான்றுகளால் அறிவார்.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை ஆகியன ஏற்பட்டால், "வாய்வு" என்று கூறி இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குச் செல்ல எடுக்கும் நேரமும் இதயத் தசைக்குப் பெறுமதியானது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். பரிசோதனை எவ்வளவு திறமையானதாயினும் அது வைத்தியசாலையிலேயே உள்ளது; நோயாளியை அங்கு சேர்ப்பது வீட்டிலுள்ளவரின் பொறுப்பு. அவ்வேளையில் வீட்டில் இருப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

• துரோபோமயோசினும் துரோபோனினும் தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்கள். சுருக்கத்துக்கான சைகை கல்சியம் அயன்.
• பிறபொருளெதிரி, பிறபொருளெதிரியாக்கியின் ஒரு சிறு பகுதியுடன் பொருந்திப் பிணையும் புரதம்.
• ஒளிர்வு ஓர் அவதானம். புரதம் உள்ளது என்பது முடிவு. இரண்டையும் இணைப்பது கட்டுப்பாட்டுப் பரிசோதனை.
• இறால் ஒவ்வாமையைத் தூண்டும் பிரதான புரதம் துரோபோமயோசின். சமைப்பதால் அது அழிவதில்லை.
• முதற் பரிசோதனையில் துரோபோனின் உயராமை மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பயிற்சி வினாக்கள்

1. தசை தளர்ந்த நிலையில் மயோசின் தலைகள் அக்ரினுடன் பிணையாதிருப்பது ஏன்?

2. ஒரு மாணவி இறால் தசை, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மெல்லிய வெட்டுமுகங்களில் துரோபோமயோசினைத் தேடினாள். இரண்டும் ஒளிர்ந்தன. முதற் பிறபொருளெதிரி சேர்க்காத வெட்டுமுகங்களுள் உருளைக்கிழங்கு மாத்திரம் அதே அளவில் ஒளிர்ந்தது. (அ) அவளது அவதானங்களை எழுதுக. (ஆ) உருளைக்கிழங்கு பற்றி அவள் யாது முடிவுக்கு வரலாம்? (இ) அடுத்து அவள் செய்யவேண்டிய ஒரு பரிசோதனையைக் குறிப்பிடுக.

3. 1:100 என ஐதாக்கிய பிறபொருளெதிரிக் கரைசல் 500 மைக்கிரோலீற்றர் தேவை. எடுக்கவேண்டிய பிறபொருளெதிரியின் கனவளவு யாது?

4. இறால் ஒவ்வாத நண்பனுக்கு, இறாலை அகற்றிய சொதியை வழங்கலாமா? காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. கல்சியம் அயன் குறைவாக உள்ளபோது துரோபோமயோசின் அக்ரினிலுள்ள பிணையும் இடங்களை மறைத்துள்ளது.

2. (அ) இரண்டு வெட்டுமுகங்களும் ஒளிர்ந்தன. முதற் பிறபொருளெதிரி இல்லாதபோது உருளைக்கிழங்கு மாத்திரம் ஒளிர்ந்தது. ("புரதம் உண்டு" என எழுதினால் புள்ளி இல்லை.) (ஆ) உருளைக்கிழங்கின் ஒளி துரோபோமயோசின் இருப்பதற்குச் சான்றாகாது. (இ) எந்தப் பிறபொருளெதிரியும் சேர்க்காத உருளைக்கிழங்கு வெட்டுமுகத்தைப் பார்த்தல். ஒளிர்ந்தால் அது இயற்கை ஒளிர்வு. ஒளிராவிடின் இரண்டாம் பிறபொருளெதிரி ஒட்டியுள்ளது.

3. 500 ÷ 100 = 5 மைக்கிரோலீற்றர்.

4. வழங்கலாகாது. துரோபோமயோசின் நீரிற் கரைவது, சூட்டால் அழியாதது. ஆகவே அது சொதியிலும் இருக்கும்.